கத்ரீனா: 20 வருடம் கழித்து நியூ ஆர்லியன்ஸைப் பற்றிப் பேசலாமா?

ஜென்டிலி2005 எழுதியது:

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தால் எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். இந்த வருடமும் அப்படித்தான், படுக்கையில் புரள்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005-ல் நான் நியூ ஆர்லியன்ஸில் முதுகலை இரண்டாம் வருடம். ஜென்டிலி என்ற பகுதியில், லண்டன் அவென்யூ கால்வாயிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு பழைய மரவீட்டின் பாதியை மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். கால்வாய் என்றால் தண்ணீர் கண்ணில் படாது. புல் முளைத்த ஒரு மேடு, அதன் தலையில் சிமென்ட் சுவர், அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தண்ணீர் எங்கள் வீட்டுத் தரையைவிட உயரத்தில் நிற்கிறது என்பது அவ்வளவு நாள் குடியிருந்தும் எனக்கு உறைக்கவே இல்லை.

வியாழக்கிழமை கத்ரீனா புயல் ஃப்ளோரிடாவைச் சின்னதாகத்தான் கடந்தது. அப்புறம் வளைகுடாவின் சுடுதண்ணீரில் இறங்கியதும் ஊதிப் பெருத்தது. வெள்ளி மதியம் வரை அது மறுபடியும் ஃப்ளோரிடா பக்கமே போகும் என்று பேச்சு. சனிக்கிழமை எழுந்து பார்த்தால் வரைபடத்தில் கோடு எங்கள் மேல் நிற்கிறது. ஞாயிறு காலை ஐந்தாம் வகை, அதாவது புயல் அளவுகோலில் உச்சம், மணிக்கு 280 கிலோமீட்டர் காற்று. ஒன்பதரை வாக்கில் மேயர் ரே நேகின் எல்லோரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். பத்து மணி தாண்டி ஸ்லைடெல் வானிலை அலுவலகத்தின் அறிக்கை வந்தது. பெரும்பகுதி பல வாரங்களுக்குக் குடியிருக்க முடியாமல் போகும், அதற்கு மேலும் ஆகலாம் என்று அதில் இருந்தது. வானிலை அறிக்கையில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதற்கு முன்னும் படித்ததில்லை, பின்னும் இல்லை. நண்பன் ஒருவன் அதைப் படித்துவிட்டு யாரோ விளையாடுகிறார்கள் என்றான்.

நாங்கள் நான்கு பேர் ஒரு காரில் கிளம்பினோம். எதிர்வீட்டில் எழுபது தாண்டிய ஒரு கறுப்பின அம்மா தனியாக இருந்தார், எங்களுக்குள் பாட்டி என்றுதான் சொல்வோம். அவர் வரமாட்டேன் என்றார். 1965-ல் பெட்சி புயலையே பார்த்தவள் நான், பரணில் கோடாலி இருக்கிறது என்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை. கூரைக்கு அடியில் இருக்கிற அந்தப் பரணுக்குத் தண்ணீர் துரத்திக்கொண்டு வந்தால் கூரையை வெட்டிக்கொண்டு வெளியே வருவதற்காம். பெட்சியில் அப்படி மாட்டிச் செத்தவர்கள் இருந்ததால் பழைய ஆட்கள் பலர் கோடாலி வைத்திருப்பார்கள்.

இரு பக்கச் சாலையையும் வெளியே போவதற்கே திறந்துவிட்டிருந்தும் ஹூஸ்டன் போய்ச்சேர 15 மணி நேரம். சாதாரண நாளில் ஐந்தரை, ஆறு மணி நேரம். திங்கள் மதியம் டிவியில் ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரைக் காட்டி, பெரிய சேதமில்லை என்றார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சிரித்துக்கொண்டே பீட்சா வாங்கப் போனோம். அந்த நேரம் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எழுதுங்கள்.

ஹூஸ்டன்_அக்கா எழுதியது:

தம்பி, படித்ததும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. நான் எங்கள் ஊர் ஆஸ்ட்ரோடோம் மைதானத்தில் பத்து நாள் தன்னார்வலர். நியூ ஆர்லியன்ஸில் வெளியேறாதவர்கள் அடைந்திருந்த சூப்பர்டோம் என்ற கூரை போட்ட மைதானத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கும்போது முதலில் கேட்டது சாப்பாடு இல்லை, தண்ணீர்கூட இல்லை. "என் மகனை எங்கே கொண்டுபோனார்கள்?" என்றுதான் கேட்டார்கள். ஒரே குடும்பத்தை மூன்று பஸ்ஸில் ஏற்றி மூன்று மாநிலத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஏறும்போது எந்த ஊருக்குப் போகிறோம் என்று பலருக்குச் சொல்லவே இல்லை.

இன்னொன்று, 504 என்று தொடங்கும் அவர்களுடைய செல்போன் எண்கள் ஹூஸ்டனில் இருந்தாலும் வேலை செய்யாது, இணைப்பகமே அங்கே முடங்கிக் கிடந்தது. ஆனால் குறுஞ்செய்தி போனது. அறுபது வயதுக்காரர்களுக்கு உட்கார்ந்து குறுஞ்செய்தி அனுப்பக் கற்றுக்கொடுத்தேன். ஒருவர் மனைவிக்கு அனுப்பிய முதல் செய்தி ஒரே ஒரு எழுத்துதான், அதற்குள் விரல் நடுங்கி அனுப்பிவிட்டார். பதில் வந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அழுதோம்.

அப்புறம் ரீட்டா புயல் வந்த கதை வேறு. செப்டம்பர் மூன்றாவது வாரம், கத்ரீனாவைப் பார்த்த பயத்தில் எங்கள் ஊரே கிளம்பிவிட்டது, 25 லட்சம் பேருக்கு மேல் ரோட்டில். காற்றில் இறந்ததைவிட அந்த நெரிசலிலும் வெயிலிலும் இறந்தவர்கள் அதிகம். முதியோர் இல்லத்துப் பஸ் ஒன்று டாலஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் போனார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து தப்பி வந்தவர்கள் மூன்று வாரத்தில் இரண்டாம் தடவை ஓட வேண்டியிருந்தது.

கேள்விக்குறி எழுதியது:

வருத்தமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நேரான கேள்வி. கடல்மட்டத்துக்குக் கீழே ஊரைக் கட்டிவிட்டு, ஐந்தாம் வகைப் புயல் வருகிறது கிளம்புங்கள் என்று சொன்ன பிறகும் உட்கார்ந்திருந்தால் யாரைக் குறை சொல்வது? இயற்கை பொத்துக்கொண்டு வந்தது, 1,833 பேர் இறந்தார்கள். அரசாங்கம் எல்லோரையும் தூக்கிக்கொண்டா போக முடியும்?

களிமண் எழுதியது:

கேள்விக்குறி அவர்களே, மூன்று வரியில் நாலு தப்பு. மண் பொறியியல் என் பிழைப்பு என்பதால் சும்மா போக முடியவில்லை.

முதலில் எண்ணிக்கை. 1,833 என்பது பல வருடம் சொல்லப்பட்டது. அமெரிக்கத் தேசியப் புயல் மையம் 2023-ல் தன் அறிக்கையைத் திருத்தி 1,392 என்று போட்டிருக்கிறது. குறைந்தால் துயரம் குறையாது, ஆனால் சரியான எண்ணைச் சொல்வோம்.

இரண்டாவது, ஐந்தாம் வகைப் புயல் நகரத்தைத் தாக்கவில்லை. கடலில் இருந்தபோதுதான் ஐந்து. 29-ம் தேதி காலை ஆறு மணி தாண்டிப் பூராஸ் என்ற இடத்தில் கரையேறும்போது மூன்றாம் வகை. அதுவும் புயலின் கண் நகரத்துக்குக் கிழக்கே போனதால், காற்றின் பலவீனமான பக்கம்தான் நகரத்துக்குக் கிடைத்தது.

மூன்றாவது, ஊர் முழுக்கக் கடல்மட்டத்துக்குக் கீழே இல்லை, ஏறத்தாழ பாதிதான். 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை வைத்தது மிசிசிப்பி ஆறு தானே வண்டல் போட்டு உயர்த்திய மேட்டில். அதனால்தான் பிரெஞ்சு குவார்ட்டர் பெரும்பாலும் நனையவில்லை. ஆற்றோரமாக அந்த ஒரு கீற்று. பின்பக்கம், வடக்கே பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரி வரைக்கும் இருந்தது சதுப்பு. 1913-க்குப் பிறகு ஆல்பர்ட் பால்ட்வின் உட் என்ற பொறியாளரின் பெரிய திருகு பம்புகள் வந்து, அந்தச் சதுப்பை வடித்து வீட்டுமனை போட்டார்கள். சதுப்பு மண் பாதி மக்கிய தழை. தண்ணீரை இறைத்தால் காய்ந்து சுருங்கும். சுருங்கினால் தரை இறங்கும், இறங்கினால் இன்னும் இறைக்க வேண்டும். பள்ளத்தில் ஊரைக் கட்டவில்லை, ஊரைக் கட்டிப் பள்ளத்தை உண்டாக்கினார்கள்.

நாலாவதுதான் முக்கியம். ஏரித் தண்ணீர் சுவரைத் தாண்டிக் குதித்து ஊரை மூழ்கடித்தது என்று நினைக்கிறீர்கள். தொழிற்சாலைக் கால்வாய்ப் பக்கம் அப்படித் தாண்டியதும் உண்டு. ஆனால் 17-ம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூவிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை. எந்த உயரம் வரை தாங்கும் என்று கட்டினார்களோ அதற்குக் கீழேயே சுவர் விழுந்தது. காரணம் அடியில். ஷீட் பைல் என்று இரும்புத் தகடுகளை மண்ணில் அடித்து அதன் தலையில் சிமென்ட் சுவர் வைப்பார்கள். அங்கே 17 அடி ஆழத்துக்கு அடித்தார்கள். 1980-களில் செய்த ஒரு சோதனையைத் தவறாகப் புரிந்துகொண்டு, அது போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். 31-லிருந்து 46 அடி வரை போயிருக்க வேண்டும் என்று 2015-ல் வந்த ஆய்வு சொல்கிறது. தண்ணீர் தள்ளியதும் சுவர் லேசாகச் சாய்ந்தது, சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு இடுக்கு திறந்தது, அந்த இடுக்கில் தண்ணீர் ஆப்பு மாதிரி இறங்கியது. அப்புறம் மேட்டோடு சேர்த்துச் சுவர் வழுக்கிக்கொண்டு போனது. அடிமண் அந்தளவுக்குக் கொழகொழ.

இதையெல்லாம் கட்டியது ராணுவப் பொறியாளர் படை. அவர்களே அமைத்த ஆய்வுக்குழு 2006-ல் தந்த அறிக்கையில் இது பெயருக்கு மட்டுமே ஓர் அமைப்பு என்று எழுதியது, படையின் தலைவர் கார்ல் ஸ்ட்ராக் பொறுப்பை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு என்ன, 1928 வெள்ளச் சட்டப்படி அவர்கள்மேல் வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்க முடியாது என்று 2008-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்விக்குறி எழுதியது:

எண்ணிக்கை, வகை இரண்டிலும் என் தவறு, ஏற்றுக்கொள்கிறேன். சுவர் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் சுவர் நிற்கும் என்று யாரும் சொல்லவில்லையே, கிளம்புங்கள் என்றுதானே சொன்னார்கள்? அந்த ஒரு கேள்வி அப்படியே இருக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர், அப்போது பேட்டன் ரூஜில் வேலை, ஹெலிகாப்டரில் வந்தவர்களை விமான நிலையத்தில் வரிசையாகப் படுக்கவைத்துப் பார்த்தோம். கேள்விக்குறி சாருக்கு நான் சொல்கிறேன்.

அந்த நகரத்தில் கால்வாசிக் குடும்பங்களுக்குமேல் கார் கிடையாது. தேதியைப் பாருங்கள், மாதக் கடைசி. முதியோர் பணமும் ஊனமுற்றோர் பணமும் ஒன்றாம் தேதி வரும், கையில் காசில்லாத நாட்கள் அவை. கார் இருந்தாலும் பெட்ரோல் போட்டு, வழியில் மூன்று நாள் விடுதியில் தங்கி, திரும்பி வர எவ்வளவு ஆகும்? முந்தைய வருடம் ஐவன் புயலுக்குக் கிளம்பியவர்கள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாலையில் வெந்துவிட்டு வந்தார்கள், புயல் வேறு பக்கம் போய்விட்டது. வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் பிடித்தவர்களும் உண்டு. அதைப் பட்ட ஒருவர் அடுத்த தடவை யோசிக்கத்தானே செய்வார்.

அப்படி இருந்தும் பெருநகரப் பகுதியில் பத்து லட்சத்துக்கு மேல் கிளம்பிப் போனார்கள், ஐந்தில் நாலு பேர் என்று வையுங்கள். மிச்சம் இருந்தவர்களைக் கொண்டுபோக பஸ் இல்லையா? இருந்தது. பள்ளிப் பேருந்துகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்று கழுத்தளவு தண்ணீரில் மூழ்கிக் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. ஓட்டுநர் இல்லை, திட்டம் காகிதத்தில் இருந்தது. 2004 ஜூலையில்தான் பாம் என்று கற்பனைப் புயலுக்குப் பெயர் வைத்து அதிகாரிகள் எல்லாம் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள், ஊர் மூழ்குவது உட்பட. தெரியாமல் நடந்ததில்லை.

நியூ ஆர்லியன்ஸ் இருக்கிற லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 75 வயது தாண்டியவர்கள். இதை மட்டும் ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். நான் அன்றைக்குக் கைபிடித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவின் சட்டைப்பையில் மாத்திரைச் சீட்டு, ஈரத்தில் எழுத்தெல்லாம் ஓடிவிட்டது. என்ன மாத்திரை என்று அவருக்கே தெரியவில்லை, "நீலம் ஒன்று, வெள்ளை இரண்டு" என்றார்.

வளைகுடாக்காரன் எழுதியது:

எல்லோரும் நியூ ஆர்லியன்ஸ் நியூ ஆர்லியன்ஸ் என்கிறீர்கள், மிசிசிப்பி மாநிலத்துக் கரையை யாரும் சொல்வதில்லை. பாஸ் கிறிஸ்டியனில் கடல் ஏறத்தாழ 28 அடி ஏறியது. வேவ்லாண்ட், பே செயின்ட் லூயிஸ், பிலாக்சி என்று போனால் சிமென்ட் தரை மட்டும் கிடந்தது, வீடு இல்லை, வீட்டின் குப்பைகூட இல்லை. எங்களுக்குச் சுவர் கதை கிடையாது, கடலே நேராக வந்தது. நான் பிலாக்சியில் ஓட்டல் வேலையில் இருந்தேன்.

காப்பீட்டுக்காரர் வந்து அந்தத் தரையைப் பார்த்துவிட்டு "இது காற்றால் போனதல்ல, தண்ணீரால் போனது, உங்கள் பாலிசியில் தண்ணீர் இல்லை" என்றார். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. வீடே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு அது எப்படிப் போனது என்று ஒருவர் சொல்கிறார், நானும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஹூஸ்டன்_அக்கா எழுதியது:

தம்பி வளைகுடா, சரியாகச் சொன்னீர்கள். மன்னிக்கணும், நாங்களும் மறந்துவிட்டோம்.

பழைய_வாசகர் எழுதியது:

ஒரு சந்தேகம். சூப்பர்டோமில் கொலை, குழந்தைகளைக் கொன்றார்கள் என்றெல்லாம் அப்போது செய்தி பார்த்தேன். மேயரே டிவியில் சொன்னார். அதெல்லாம்?

மற்றொன்று, லோயர் நைன்த் வார்டு என்ற பகுதியில் கரையை வெடி வைத்துத் தகர்த்தார்கள் என்று அங்கே இருந்த ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார்.

களிமண் எழுதியது:

முதல் கேள்விக்கு: பெரும்பாலும் வதந்தி. டோமுக்குள் 20,000 பேருக்கு மேல் அடைந்திருந்தார்கள், மின்சாரம் போய், கழிவறை நிரம்பி, கூரை பிய்ந்து, கேட்கவே முடியாத நிலை. ஆனால் உள்ளே இறந்தது ஆறு பேர், நூற்றுக்கணக்கில் பிணங்கள் என்பதெல்லாம் பொய்யாகப் போயிற்று. அந்த வதந்தியால் நடந்ததுதான் நிஜக் கொடுமை. மீட்புக்காரர்கள் உள்ளே போகப் பயந்தார்கள். ஆற்றின் மறுகரைக்குப் பாலத்தின் வழியாக நடந்துபோன கூட்டத்தை கிரெட்னா போலீஸ் துப்பாக்கியோடு நிறுத்தித் திருப்பி அனுப்பியது. செப்டம்பர் 4-ம் தேதி டான்சிகர் பாலத்தில் ஆயுதமில்லாதவர்கள்மேல் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள், பிறகு அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் நாசூக்கானது. 2005-ல் வெடி வைத்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. கரை உடைந்தது, ஒரு பெரிய சரக்குப் படகு அந்த வழியே ஊருக்குள் வந்து வீடுகள்மேல் உட்கார்ந்தது, சத்தம் இடி மாதிரி இருந்திருக்கும். ஆனால் அவர் ஏன் நம்புகிறார்? 1927 பெருவெள்ளத்தில் நகரத்துப் பணக்காரர்களைக் காப்பாற்றுவதற்காகக் கீழே கேர்நார்வனில் கரையை நிஜமாகவே டைனமைட் வைத்து உடைத்தார்கள். செயின்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் மக்களின் வீடும் பிழைப்பும் போயின, தருவதாகச் சொன்ன நஷ்டஈடும் ஒழுங்காக வரவில்லை. ஒருமுறை செய்தவர்களை அடுத்தமுறையும் சந்தேகப்படுகிறார்கள். நான் அவர்களோடு வாதாடுவதை விட்டுவிட்டேன்.

கேள்விக்குறி எழுதியது:

சரி, கார், காசு எல்லாம் புரிகிறது. ஆனால் ஜென்டிலி சொன்ன பாட்டிக்குக் காரில் இடம் இருந்தது, கூப்பிட்டார்கள், அவரே வரமாட்டேன் என்றார். அதைத்தான் கேட்கிறேன்.

ஜென்டிலி2005 எழுதியது:

இரண்டு நாளாக இந்தக் கடைசிப் பதிவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

முதல் பதிவில் அவர் வரமாட்டேன் என்றார் என்று எழுதினேன். இருபது வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவருகிறேன், சொல்லிச்சொல்லி எனக்கே அதுதான் நடந்தது மாதிரி ஆகிவிட்டது. நடந்தது இது. நான் தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டேன். அவர் வாசலில் நின்று, நாய் இருக்கிறதே என்றார். பழுப்பு நிறத்தில் கிழட்டு நாய், முட்டி உயரம்கூட இருக்காது. காரில் ஐந்து பேர் உட்காரலாம், நாங்கள் நாலு பேர். ஐந்தாவது இடத்தில் என் கம்ப்யூட்டர், அந்தக் காலத்துக் குண்டு மானிட்டரோடு, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. ஆய்வுக் கோப்பெல்லாம் அதில் இருந்தது. நாய்க்கு இடம் கஷ்டம் என்றேன். அதன் பிறகுதான் அவர் பெட்சி, கோடாலி எல்லாம் சொன்னார், சிரித்துக்கொண்டே, என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று. வரமாட்டேன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை.

அக்டோபரில் ஊருக்குள் விட்டபோது போனேன். தண்ணீரை முழுக்க இறைத்து முடிக்கவே அக்டோபர் 11 ஆயிற்று. தெருவில் எல்லாம் ஒரே நிறம், சாம்பலும் பழுப்புமாக, மரம், கார், புல் எல்லாம். பறவைச் சத்தம் இல்லை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற கோடு என் மூக்கு உயரத்தில் இருந்தது, அதற்கு மேலே சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. ஃப்ரிட்ஜைத் திறக்காதே என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நாங்கள் அதை டேப்பால் சுற்றிச் சுற்றி ஒட்டித் தெருவோரம் தள்ளினோம். ஊர் முழுக்க அப்படி ஃப்ரிட்ஜ் ஊர்வலம், சிலர் அதன்மேல் அரசியல்வாதிகளுக்குச் செய்தி எழுதி வைத்திருந்தார்கள். அந்த நாற்றம் பழைய மீன் வாடை மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். அதைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை.

எதிர்வீட்டுச் சுவரில் ஆரஞ்சு வண்ணத்தில் பெரிய பெருக்கல் குறி. தேடுதல் குழு போடுகிற குறி அது. மேலே தேதி, இடதுபக்கம் குழுவின் பெயர், வலதுபக்கம் உள்ளே என்ன ஆபத்து, கீழே எத்தனை பேர் என்று. கீழே பூஜ்யம். நான் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேனோ. கூரையில் ஒரு ஓட்டை, பலகைகள் வெளிப்பக்கமாக விரிந்திருந்தன, அதாவது உள்ளிருந்து வெட்டியது. கதவுக்குப் பக்கத்தில் வேறு வண்ணத்தில், வேறு கையெழுத்தில், நாய் ஒன்று எடுத்துச்செல்லப்பட்டது என்று ஒரு செப்டம்பர் தேதி.

படகில் ஏற்றியவர்கள் நாயை ஏற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்போது எங்கேயும் ஏற்றவில்லை, பஸ்ஸிலும் சரி, டோமிலும் சரி. நாய்க்காகப் போகாமல் இருந்தவர்கள் அத்தனை பேர் என்பதால்தான் 2006-ல் அதற்கென்று சட்டமே கொண்டுவந்தார்கள், வெளியேற்றும் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று.

கேள்விக்குறி, உங்கள்மேல் கோபம் இல்லை. நீங்கள் கேட்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். மானிட்டரை 2007-ல் குப்பையில் போட்டேன்.

கேள்விக்குறி எழுதியது:

என்ன சொல்வதென்று தெரியவில்லை நண்பரே. இழையில் முதலில் எழுதிய தொனிக்கு வருந்துகிறேன்.

ஹூஸ்டன்_அக்கா எழுதியது:

தம்பி, இருபத்து மூன்று வயதில் யாருக்கும் அது தோன்றியிருக்காது. பாட்டி எங்கே போனார் என்று தேடினீர்களா?

ஜென்டிலி2005 எழுதியது:

தேடினேன் அக்கா. செஞ்சிலுவைப் பட்டியல், இணையத்தில் பெயர் போட்டுத் தேடும் பக்கங்கள் எல்லாம். ஒரு பக்கத்துவீட்டுக்காரர் அட்லாண்டாவில் மகளோடு இருக்கிறார் என்றார், இன்னொருவர் ஹூஸ்டன் என்றார். வீட்டுக்கு அவர் திரும்பவில்லை. 2010 வாக்கில் போனபோது வீடு இல்லை, வாசல்படி மூன்று மட்டும் புல்லுக்கு நடுவே நின்றது.

இரவுப்பணி எழுதியது:

திரும்பாததற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கும். ரோடு ஹோம் என்று வீடு கட்ட உதவிப்பணம் தந்தார்கள், அதிகபட்சம் 1,50,000 டாலர். கணக்கு எப்படி என்றால், புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை, இல்லையென்றால் பழுதுபார்க்கும் செலவு, இதில் எது குறைவோ அது. ஒரே மாதிரி வீடு, ஒரே செலவு. ஆனால் கறுப்பர்கள் வாழும் பகுதியில் சந்தை விலை குறைவு, அதனால் பணமும் குறைவு. வழக்குப் போட்டு 2011-ல் சமரசம் ஆயிற்று, அதற்குள் ஆறு வருடம். எழுபத்தைந்து வயதில் ஆறு வருடம் என்றால் என்ன என்று என் வேலையில் தினமும் பார்க்கிறேன்.

2000-ல் 4,84,674 பேர் இருந்த நகரம் 2010 கணக்கெடுப்பில் 3,43,829. 2020-ல்கூட நாலு லட்சத்தைத் தொடவில்லை.

பழைய_வாசகர் எழுதியது:

சரி, இப்போது சுவர் எப்படி? திரும்ப வந்தால் தாங்குமா?

களிமண் எழுதியது:

1,450 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கிழக்கே போர்ன் ஏரிப் பக்கம் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளத் தடுப்பு, கால்வாய்களின் வாயில் கதவும் பம்பும், கடலை ஊருக்குள் இழுத்துவந்த ஒரு கப்பல் கால்வாயையும் 2009-ல் கல்லைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். ஒரு வருடத்தில் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்துக்கு ஏற்ற அளவு. முன்பைவிட ஆயிரம் மடங்கு ஒழுங்கு. ஆனால் அதே கொழகொழ மண்ணில்தான் நிற்கிறது, மண் இறங்கிக்கொண்டே இருக்கும், மேட்டை உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே சதுப்பு நிலமும் கரைகிறது, 1930-களிலிருந்து ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் போய்விட்டது.

2021-ல் ஐடா புயல் வந்தது, அதே ஆகஸ்ட் 29. சுவர் நின்றது. மின்சாரம் விழுந்தது, ஊர் முழுவதும். ஆற்றைக் கடக்கும் மின்கம்பிக் கோபுரமே சாய்ந்தது. வெயிலில் முதியோர் குடியிருப்புகளில் இறந்தார்கள். இன்னொரு கூத்தும் உண்டு. கார் இல்லாதவர்களை ஏற்றிச்செல்ல ஊரில் 17 இடங்களில் பஸ் நிறுத்தம் ஒதுக்கி, கைகாட்டி நிற்கிற மனிதனைப் போல 14 அடி உலோகச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். ஐடா திடீரென்று பெருத்ததால் கட்டாய வெளியேற்றம் அறிவிக்கவே நேரமில்லை. பஸ் வரவில்லை, சிலை மட்டும் கைகாட்டிக்கொண்டு நின்றது.

புதுவரவு எழுதியது:

வணக்கம். இழையை ஒரே மூச்சில் படித்தேன். அடுத்த மாதம் வேலைக்காக நியூ ஆர்லியன்ஸ் போகிறேன், மனைவி, நான், ஒரு நாய். வாடகைக்கு வீடு பார்க்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

வளைகுடாக்காரன் எழுதியது:

வாடகை வீடானாலும் உங்கள் சாமான்களுக்கு வெள்ளக் காப்பீடு தனியாக எடுங்கள், வீட்டுக்காரர் பாலிசி உங்கள் கட்டிலுக்கு வராது. அரசு வெள்ளக் காப்பீடு வாங்கிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும், புயல் டிவியில் தெரிந்த பிறகு வாங்கினால் பிரயோஜனமில்லை. புயல் பருவம் நவம்பர் முடியும் வரை. இன்றைக்கே எடுங்கள்.

களிமண் எழுதியது:

வீடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று பாருங்கள். பழைய வீடுகள் தூண்மேல் நிற்கும், அவை நல்லவை. 1950-க்குப் பின் சிமென்ட் தளம் போட்டுத் தரையோடு கட்டியவையே அதிகம் மூழ்கின. பழையவர்கள் முட்டாள்கள் இல்லை.

ஜென்டிலி2005 எழுதியது:

நாயின் தடுப்பூசிச் சீட்டை உங்கள் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், தங்க இடம் தருபவர்கள் கேட்பார்கள். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களிடம் கார் இருக்கிறதா என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

புதுவரவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நேரில் போய் மிட்-சிட்டியில் ஒரு வீடு பார்த்தேன், தூண்மேல் நிற்கிற பழைய வீடு, ஆறு படி ஏற வேண்டும். வாடகை ஒத்துவரும் போலிருக்கிறது. முன்னறையில் எல்லாம் புதுப் பெயின்ட், ஆனால் கதவோரம் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வீட்டுக்காரம்மா அடிக்காமல் விட்டு வைத்திருக்கிறார், பழுப்புக் கோடு ஒன்று என் முழங்காலுக்குச் சற்று மேலே ஓடுகிறது. ஏன் என்று கேட்டேன். வாடகைக்கு வருகிறவர்களிடம் வாயால் சொன்னால் நம்புவதில்லை என்றார். படம் எடுத்திருக்கிறேன், இங்கே எப்படி இணைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.